நுங்கு, இட்லி, பலாப்பழம்: பிள்ளைகளுக்கு மனிதக் குரங்கு வரையக் கற்றுத் தருவது பற்றிய கேள்விகள்

புதுச்சேரி, கடலூர் பக்கம் ஓவிய வகுப்பு எடுப்பவர்களும், லீவு நாளில் பிள்ளையை உட்கார வைத்து வரைய வைக்கும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை. அளவுகள் எல்லாம் ஏ4 தாளுக்கு. அரை சென்டிமீட்டர் முன்னே பின்னே இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

மனிதக் குரங்கு என்றால் எது? நம்ம ஊர்க் குரங்குதானே?

இல்லை. பிச்சாவரம் படகுத்துறையில் கையிலிருக்கும் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறதே, அது நாட்டுக் குரங்கு. அதற்கு நீளமான வால் உண்டு. உச்சந்தலை முடி வகிடெடுத்துத் தொப்பி வைத்த மாதிரி இருக்கும். மனிதக் குரங்குக்கு வாலே கிடையாது. கொரில்லா, சிம்பன்சி, போனபோ மூன்றும் ஆப்பிரிக்கக் காடுகளில் வாழ்பவை. உராங்குட்டான் போர்னியோவிலும் சுமத்ராவிலும் இருக்கிறது. மலாய் மொழியில் அந்தப் பெயருக்கு ‘காட்டு மனிதன்’ என்று பொருள். இவற்றைவிடச் சின்ன வாலில்லாக் குரங்கு கிப்பன். இந்தியக் காட்டில் இருக்கும் வாலில்லாக் குரங்கு ஹூலக் கிப்பன் மட்டும்தான், அதுவும் அசாம், அருணாசலப் பிரதேசம், மேகாலயா பக்கம்.

வரைபவருக்கு இதில் வேண்டியது மூன்று: வால் இல்லை, கை காலைவிட நீளம், தோள் அகலம்.

எவ்வளவு சொன்னாலும் என் பெண் வால் போட்டுவிடுகிறாள். என்ன செய்வது?

பஞ்சவடி ஆஞ்சநேயரைக் கும்பிட்டு வளரும் பிள்ளை குரங்கு என்றதும் வால் போடாவிட்டால்தான் ஆச்சரியம். ‘தப்பு’ என்று ரப்பரைக் கையில் கொடுக்காதீர்கள். “சரி, இது நாட்டுக் குரங்கு. இப்போ பக்கத்திலே கொரில்லா போடு, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் சொல்லு” என்று கேளுங்கள். ஒரே தாளில் இரண்டும் இருந்தால் அதற்குப் பிறகு வால் தானாக நின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கை: சிம்பன்சிக் குட்டிக்குப் பின்பக்கம் வெள்ளையாக ஒரு முடிக்கொத்து இருக்கும். அதைப் படத்தில் பார்த்துவிட்டு “இதோ வால்!” என்று பிள்ளைகள் குதிப்பார்கள். அது முடிதான்.

எந்த வயதில் ஆரம்பிக்கலாம்?

கை எதைப் போடும் என்பதைப் பொறுத்தது. பொதுவாக மூன்று வயதில் வட்டம் வரும், நாலு வயதில் கூட்டல் குறி, நாலரையை ஒட்டிச் சதுரம், ஐந்தில் முக்கோணம். சாய்சதுரம் ஆறு, ஏழு வயதுக்கு மேல்தான். ஆகவே நாலு வயதுக்கு முகம் மட்டும், ஆறிலிருந்து எட்டு வரை உட்கார்ந்த உடம்பு, ஒன்பதுக்கு மேல் நடப்பதும் தொங்குவதும். ஐந்து வயதுப் பிள்ளையிடம் நடக்கும் கொரில்லாவைக் கொடுத்தால் அழுகைதான் வரும்.

வட்டம், நீள்வட்டம் என்று உருவம் உருவமாக வைத்துக் கற்றுக் கொடுத்தால் பிள்ளையின் கற்பனை போய்விடாதா?

உருவத்தை அச்சு மாதிரி பயன்படுத்தினால் போய்விடும்தான். முப்பது பிள்ளைகளும் ஒரே கொரில்லாவைப் போட்டுக்கொண்டு வந்து நின்றால் வாத்தியார்தான் வரைந்திருக்கிறார் என்று பொருள். உருவங்களை அளவுகோலாகப் பயன்படுத்த வேண்டும். பிள்ளை கண்ணால் பார்த்தாலும், கை தனக்குத் தெரிந்த மனித முகத்தைத்தான் போடும். காதைப் பெரிதாக்கி “குரங்கு” என்று சொல்லிவிடும். “இந்த இட்லி முகத்தில் எவ்வளவு தூரம் கீழே இருக்கு? கை எத்தனை பலாப்பழ நீளம்?” என்று கேட்கும்போதுதான் கண் அளக்க ஆரம்பிக்கிறது.

வட்டம், நீள்வட்டம் என்ற சொற்கள் பள்ளிக்கூடத்துக்கு இருக்கட்டும். சின்னவர்களிடம் நுங்கு, இட்லி, முந்திரி, பண்ருட்டிப் பலா என்றே சொல்லுங்கள். நீள்வட்டம் என்றால் ஆளுக்கு ஒரு மாதிரி போடுவார்கள். இட்லி என்றால் எல்லார் தாளிலும் இட்லிதான் வரும்.

என்னென்ன வாங்க வேண்டும்?

2பி பென்சில் ஒன்று, ரப்பர், ஷார்ப்னர், தாள், கிரையான். எச்பி பென்சில் வேண்டாம். பிள்ளைகள் அழுத்திப் போட்டால் தாளில் பள்ளம் விழுந்து, அழித்த பிறகும் கிரையான் அடிக்கும்போது வெள்ளைக் கோடாகத் தெரியும். ஜெராக்ஸ் தாள் 75 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) பயிற்சிக்குப் போதும். தண்ணீர் வண்ணம் அடிப்பதாக இருந்தால் 150 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத தாள் வேண்டும், இல்லாவிட்டால் சுருண்டுவிடும். வட்டத்துக்குக் காம்பஸ் வேண்டாம், காபி டம்ளரின் வாய் போதும், சுமார் 7 செ.மீ. வரும். அதையும் முதல் இரண்டு படத்துக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொள்ளுங்கள்.

முகத்தை எப்படிப் படிப்படியாகச் சொல்லித் தருவது?

நாலு, ஐந்து வயதுக்கு: நுங்கு சீவியதும் மூன்று கண் தெரியும் இல்லையா? அதைத் திருப்பிப் பிடித்தால் மேலே இரண்டு, கீழே ஒன்று. மேலே உள்ளவை கண், கீழே உள்ளது வாய்ப்பகுதி. பெரிய வட்டம் ஒன்று, உள்ளே மூன்று வட்டம், கீழ்வட்டம் மட்டும் மற்ற இரண்டையும்விடப் பெரிது. அந்த வயதுக்கு அவ்வளவே போதும்.

ஆறு வயதுக்கு மேல் கொரில்லா முகம் இப்படி:

தாளின் நடுவில் 7 செ.மீ. வட்டம். பென்சில் தாளைத் தடவுகிற மாதிரிதான் போக வேண்டும், அழுத்தக் கூடாது.

வட்டத்தின் நடுப்புள்ளியிலிருந்து கீழே ஒரு இட்லி: அகலம் 6, உயரம் 4.5 செ.மீ. இட்லியின் மேல்விளிம்பு வட்டத்தின் நடுவைத் தொடும். அடிப்பாகம் வட்டத்துக்கு வெளியே 1 செ.மீ. வழியும். இந்த ஒரு சென்டிமீட்டர்தான் முகத்தை மனிதனிடமிருந்து பிரிக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் இட்லியை வட்டத்துக்குள்ளேயே அடக்கிவிடுவார்கள். அப்போது கரடி பொம்மை வரும்.

இட்லிக்கு மேலே ஒரு விரல் இடம் விட்டு, 4.5 செ.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை. நடுவில் லேசாகக் குழிந்திருக்கட்டும். இது புருவ எலும்பு. கண்கள் இந்தப் பட்டைக்கு அடியில், இட்லியை ஒட்டி, பட்டையின் நிழலில் உட்காரும். ஒவ்வொன்றும் கொண்டைக்கடலை அளவு. இரண்டுக்கும் இடையில் ஒன்றரைக் கண் இடைவெளி.

மூக்கு இட்லியின் மேல் மூன்றில் ஒரு பங்கில். 2.5 செ.மீ. அகலத்துக்குச் சப்பையான இதய வடிவம் போட்டு, அதற்குள் இரண்டு காற்புள்ளி மாதிரி துவாரம். கொரில்லாக்களின் மூக்குச் சுருக்கம் ஒன்றுக்கு ஒன்று வேறுபடும். ஆராய்ச்சியாளர்கள் அதை வைத்தே ஆளை அடையாளம் காண்கிறார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் மூக்குக்கு மட்டும் பத்து நிமிடம் செலவழிப்பார்கள், நல்லதுதான்.

வாய் 4 செ.மீ. நீளக் கோடு, ஓரம் லேசாகக் கீழே இறங்கும். தாடை இட்லியின் அடிவிளிம்புதான், தனியாகப் போட வேண்டாம்.

பெரிய ஆண் என்றால் தலைக்கு மேல் 2.5 செ.மீ. உயரத்துக்கு முனை மழுங்கிய முக்கோணம். மண்டை உச்சியில் எலும்பு முகடும் தடித்த தசையும் இருப்பதால் அப்படிக் கூம்பி நிற்கும். காது சின்னது, கண் மட்டத்தில், 1 செ.மீ. போதும்.

படம் மனிதன் மாதிரியே வருகிறது. எங்கே தவறு?

நாலு இடத்தில் பாருங்கள்.

கண்ணில் வெள்ளை விட்டிருப்பார்கள். மனிதக் குரங்குகளின் கண்ணில் வெள்ளை விழி பெரும்பாலும் வெளியே தெரியாது, கருமையாகவே இருக்கும். கண்ணை முழுக்கக் கறுப்பாக்கி, மேல் ஓரத்தில் கடுகளவு ஒளிப்புள்ளி மட்டும் விடச் சொல்லுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே முகம் பாதி மாறிவிடும்.

வாயை மேல்நோக்கி வளைத்துச் சிரிக்க வைத்திருப்பார்கள். கழுத்து போட்டிருப்பார்கள், கொரில்லாவுக்குக் கழுத்து வெளியே தெரியாது, தலை நேராகத் தோளில் உட்காரும். புருவத்தைப் பட்டையாகப் போடாமல் இரண்டு முடிக்கோடாகப் போட்டிருப்பார்கள்.

கரடி மாதிரி வந்தால் காதுதான் காரணம். காது தலை உச்சிக்கு ஏறியிருக்கும். கண் மட்டத்துக்கு இறக்குங்கள்.

இதே முகத்தை வைத்துச் சிம்பன்சியும் உராங்குட்டானும் போட முடியுமா?

முடியும். அடித்தளம் அதே வட்டமும் இட்லியும்.

சிம்பன்சிக்கு உச்சி முக்கோணத்தை விட்டுவிட்டு, இட்லியை இன்னும் கொஞ்சம் வெளியே இழுங்கள். காது பெரிது: ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இரண்டு பக்கமும் விறைத்து நிற்கும், உள்ளே முந்திரிப் பருப்பு மாதிரி ஒரு வளைவு. மூக்கு கொரில்லாவைவிடச் சின்னது. உதடு நீளம். குட்டியின் முகம் வெளுத்திருக்கும், வயது ஏற ஏறக் கறுக்கும்.

உராங்குட்டானுக்குப் புருவப் பட்டை வேண்டாம், நெற்றி உயரமாக வழுவழுவென்று இருக்கும். கண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கம். காது இத்துனூண்டு, முடியில் மறைந்துவிடும். முழு வளர்ச்சியடைந்த ஆணுக்கு இரண்டு கன்னத்திலும் மேலிருந்து கீழாகப் பாதி வட்டத் தட்டை ஒட்டிய மாதிரி சதை மடிப்பு, தாடைக்குக் கீழே தொங்கும் தொண்டைப்பை. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த முகம் இது. ஆனால் முதல் வகுப்பிலேயே இதைக் கொடுத்தால் கன்னத்தையே காது என்று எடுத்துக்கொள்வார்கள். கொரில்லாவுக்குப் பிறகு கொடுங்கள்.

உட்கார்ந்திருக்கும் கொரில்லாவுக்கு அளவு சொல்லுங்கள்.

தாளை நெடுக்காக வையுங்கள். மேல்விளிம்பிலிருந்து 4 செ.மீ. விட்டு 6 செ.மீ. வட்டம், அது தலை. பலாப்பழம் போல உடம்பு: உயரம் 12, அகலம் 11 செ.மீ. தலையின் அடிப்பாகம் பழத்துக்குள் ஒன்றரை சென்டிமீட்டர் புதைய வேண்டும்.

கை: தோளிலிருந்து தரை வரை இரண்டு உருளை, மேல்கை 7, முன்கை 6 செ.மீ. முழங்கை வெளிப்பக்கம் லேசாக மடங்கும். கால்: பழத்தின் அடியில் இரண்டு பக்கமும் தொடைக்கு 5 செ.மீ. முட்டை, அதன் முன்னால் பாதம். மொத்த அகலம் 18 செ.மீ.க்குள் அடங்கும், தாளுக்குச் சரியாக இருக்கும்.

கையைத் தாளுக்கு வெளியே தள்ளிவிடும் பிள்ளைகள் தலையை முதலில் பெரிதாகப் போட்டவர்கள். அவர்களுக்கு உருவம் போடும் முன்னால் கோலத்துக்கு வைப்பது போல நாலு புள்ளி வையுங்கள்: உச்சி, இரண்டு தோள், தரை. புள்ளிக்குள் அடக்கு என்றால் அடக்குவார்கள். மார்கழியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து புள்ளி வைத்துப் பழகியவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது.

நடக்கும் கொரில்லா நாய் மாதிரி வந்துவிடுகிறதே?

முதுகு மட்டமாகவும், முன்னும் பின்னும் ஒரே நீளமாகவும் இருப்பதால்தான். தாளைக் குறுக்காக வைத்து, அடியிலிருந்து 4 செ.மீ. உயரத்தில் ஸ்கேலால் தரைக்கோட்டை முதலில் போடச் சொல்லுங்கள். உடம்பு சாய்ந்த முட்டை, 13 செ.மீ. நீளம், தோள் பக்கம் பருமன், இடுப்புப் பக்கம் ஒடுக்கம். தோள் இடுப்பைவிட 3 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். தோளிலிருந்து தரைக்கு 9 செ.மீ. உருளை, இடுப்பிலிருந்து 6 செ.மீ. உருளை. தலை தோளுக்கு முன்னால், தாடை மார்பு மட்டத்துக்கு இறங்கி நிற்கும். முதுகுக்கோடு நம் வீட்டுச் சாய்ப்பு மாதிரி பின்னோக்கி இறங்கினால் அது கொரில்லா.

கை தரையில் படும் விதமும் முக்கியம். கொரில்லாவும் சிம்பன்சியும் உள்ளங்கையை ஊன்றுவதில்லை. விரல்களை உள்ளே மடித்து, விரலின் நடுக்கணு முதுகை ஊன்றி நடக்கும். முஷ்டியை மேசையில் வைத்துப் பார்க்கச் சொன்னால் பிள்ளைக்குப் புரிந்துவிடும். வரைவதற்கு ஒரு சதுரமும் அதன் முன்விளிம்பில் நாலு சின்ன அரைவட்டமும் போதும்.

பாதம் எப்படி?

பாதமும் ஒரு கைதான். பெருவிரல் மற்ற நாலு விரலோடு ஒட்டி நிற்காது, கட்டைவிரல் மாதிரி பக்கவாட்டில் விலகி நிற்கும். முட்டை ஒன்று போட்டு, ஒரு பக்கம் நாலு சின்ன உருளை, எதிர்ப்பக்கம் தள்ளி ஒரு தடித்த உருளை. மனிதப் பாதம் போல ஐந்தையும் வரிசையாக அடுக்கினால் செருப்புப் போட்ட மாதிரி தெரியும். கையில் கட்டைவிரல் குட்டை. அங்கே நீளமாக்க வேண்டாம்.

மரத்தில் தொங்கும் படம்?

உராங்குட்டானுக்கு உடம்பு 9 செ.மீ. பேரிக்காய், கை ஒவ்வொன்றும் 13, கால் 6. பெரிய ஆண் இரண்டு கையையும் விரித்தால் 2 மீட்டரைத் தாண்டும். வாசல் கதவைப் படுக்க வைத்த நீளம் என்று கதவையே காட்டிவிடுங்கள்.

கிப்பனுக்கு உடம்பு சின்னது, 6 செ.மீ. உடம்புக்கு 12 செ.மீ. கை போட்டால் பார்க்க நன்றாக இருக்கும். ஹூலக் என்றால் ஆணுக்குக் கறுப்பு முடி, வெள்ளைப் புருவம். பெண்ணுக்குப் பழுப்புப் பொன்னிறம். கிளையை முதலில் போட்டுவிட்டு, பிடித்த கையைப் போட்டு, பிறகு கீழ்நோக்கி உடம்புக்கு வர வேண்டும். உடம்பிலிருந்து ஆரம்பித்தால் கை கிளையை எட்டாது. பிள்ளை கிளையை வளைத்துக் கீழே கொண்டு வரும். சில சமயம் அதுவும் அழகாகத்தான் இருக்கிறது.

கொரில்லாவுக்குக் கறுப்பு அடித்ததும் எல்லாம் மறைந்துவிடுகிறது.

கறுப்பைக் கடைசியில்தான் கையில் கொடுக்க வேண்டும். முதலில் கருநீலம் அல்லது அடர் பழுப்பு, உடம்பு முழுக்க லேசாக. கை உடம்போடு சேரும் இடம், தாடைக்கு அடி, தொடை இடுக்கு, இங்கே மட்டும் கறுப்பு. கைக்கும் உடம்புக்கும் நடுவில் நூலளவு வெள்ளை விட்டால் உருவம் பிரிந்து தெரியும். முகம், மார்பு, விரல் எல்லாம் முடியில்லாத தோல்; சாம்பல் நிறம் போதும். வளர்ந்த ஆணின் முதுகில் வெள்ளி நிறம் வரும், அங்கே தாளை அப்படியே விட்டுவிடலாம்.

இன்னொரு வழி: வெள்ளைக் கிரையானால் முடிக்கோடுகளை அழுத்திப் போட்டுவிட்டு, மேலே தண்ணீர் கலந்த கறுப்பு வண்ணத்தைத் தடவுங்கள். மெழுகு தண்ணீரை ஏற்காது, முடி வெள்ளையாக எழுந்து வரும். வண்ணம் கெட்டியாக இருந்தால் மெழுகையும் மூடிவிடும். டீ டிகாஷன் பதத்துக்குக் கரைக்க வேண்டும்.

முடியை எந்தத் திசையில் கோடு போடுவது?

உடம்பில் மேலிருந்து கீழே. கையில் மட்டும் கவனம்: மேல்கை முடி கீழ்நோக்கியும் முன்கை முடி மேல்நோக்கியும் போய் இரண்டும் முழங்கையில் சந்திக்கும். உராங்குட்டானுக்கு அங்கே முடி குஞ்சம் மாதிரி தொங்கும். கோடு 1 முதல் 2 செ.மீ., விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டினால்தான் முடி. விளிம்புக்குள் அடைத்தால் அது ஸ்வெட்டர்.

போனில் வீடியோ போட்டுப் பார்த்து வரையலாமா? டிரேஸ் எடுக்கலாமா?

வீடியோவை நிறுத்தி நிறுத்தி வரையும் பிள்ளை அடுத்த கோட்டுக்காகக் காத்திருக்கும், விலங்கைப் பார்க்காது. நல்ல புகைப்படம் ஒன்று மேல். அதன் மேல் கண்ணாடித்தாள் வைத்து உருவங்களை மட்டும், அதாவது வட்டம், இட்லி, உருளையை மட்டும் குறிக்கச் சொல்வது அருமையான பயிற்சி. விளிம்பை டிரேஸ் எடுப்பதில் கை ஓடும், கண் தூங்கும்.

“எனக்கு வரல” என்று தாளைக் கிழித்துவிடுகிறான்.

ரப்பரைப் பதினைந்து நிமிடத்துக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் உருவங்களை மஞ்சள் கிரையானால் போட வைத்தால் அழிக்கவே தேவையில்லை, மேலே பென்சில் போட்டதும் மஞ்சள் கண்ணுக்குத் தெரியாது. சாயங்காலம் கடலூர் சில்வர் பீச்சில் ஈர மணலில் குச்சியால் போடச் சொல்வதும் உதவும். அலை வந்து அழித்துக்கொண்டே இருப்பதால் எத்தனை தரம் போட்டாலும் அவனுக்கு அலுக்காது.

இடதுகைப் பிள்ளைக்கு ஏதாவது தனியாக உண்டா?

பெஞ்சில் இடது ஓரத்தில் உட்கார வையுங்கள். வண்ணத்தை வலமிருந்து இடமாக அடிக்கட்டும், கை பட்டு இழுபடாது. ஆயில் பேஸ்டல் என்றால் கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள், இது எல்லாருக்கும்.

முப்பது பிள்ளைகள், நாற்பது நிமிட வகுப்பு. எப்படிச் சமாளிப்பது?

ஒரே வகுப்பில் முகமும் உடம்பும் முடியாது. முதல் வாரம் முகம்: காற்றில் விரலால் உருவம் போட்டுக் காட்ட 5 நிமிடம், மஞ்சள் கோடு 10, பென்சில் 15, மீதி வண்ணம். கரும்பலகையில் ஒவ்வொரு உருவத்தையும் வேறு வேறு சாக்பீஸ் நிறத்தில் போடுங்கள், “பச்சை வரைக்கும் வந்தாச்சா?” என்று கேட்டால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியும். போர்டில் முடிந்த படத்தை மட்டும் விட்டுவைக்காதீர்கள், அதைப் பார்த்துக் காப்பி அடிப்பார்கள். விறுவிறுவென்று முடித்துவிடும் நாலு பேருக்குக் குட்டி ஒன்று முதுகில் ஏற்றச் சொல்லலாம். குட்டிக்குத் தலை உடம்பில் பாதி அளவு.

மே மாதம் கிரையான் பிசுபிசுக்கிறது, ஐப்பசியில் தாள் நமுத்துப் போகிறது.

கிரையான் டப்பாவை வண்டியின் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு வெயிலில் நிறுத்தினால் ஒட்டிப்போகும். வகுப்புக்கு முன்னால் மண்பானைக்குப் பக்கத்தில் அரைமணி நேரம் வைத்தால் இறுகும். ஃபிரிட்ஜில் வைத்தால் வியர்த்து, தாளில் வழுக்கும். மழைக்காலத்தில் தாள் கட்டைப் பிளாஸ்டிக் உறையில், தரையில் படாமல் வையுங்கள். நமுத்த தாளில் ரப்பர் போட்டால் நார் எழும்பும், அன்றைக்கு மஞ்சள் கிரையான் முறைதான் கதி. ஃபேன் காற்றில் தாள் பறக்காமல் இருக்க மேல்விளிம்பில் இரண்டு கிளிப் போதும். நாலு மூலையிலும் போட்டால் பிள்ளைகளால் தாளைத் திருப்ப முடியாது.